அனர்த்தமும் பிள்ளைகளும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

மூதூர்ப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் ஐந்தாம் தரம் படிப்பிக்கிறேன். பல பிள்ளைகளின் தாய்மார் வெளிநாட்டில், அம்மம்மாதான் வளர்க்கிறார். வெள்ளம், புயல் வந்தால் சமாளிக்க வாரம் ஒரு பாடவேளை வாழ்க்கைத் திறன் சொல்லிக்கொடுக்கிறேன். "புலமைப்பரிசில் சோதனை நெருங்குது, இது எதுக்கு?" என்கிறார்கள் வீட்டில். சுனாமி ஒத்திகை போதாதா என்று அதிபரும் கேட்கிறார். விட்டுவிடவா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

விடாதீர்கள். ஒத்திகை வேண்டும், ஆனால் அது போதாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா நாளும்கூட. சுமாத்ராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் மூதூரிலும் கிண்ணியாவிலும் கடல் ஊருக்குள் வந்தது. பிள்ளைகள் வீட்டிலும் கரையிலும் நின்றார்கள். வரிசையாகக் கூட்டிப்போக ஆசிரியர் எவரும் பக்கத்தில் இல்லை.

அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரித்தானியச் சிறுமி, தண்ணீர் நுரைத்து ஏறுவதைப் பார்த்துச் சுனாமி என்று கண்டுகொண்டாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்தது. எனக்குப் பெரிதாகப் படுவது அந்த அறிவல்ல. தாய் முதலில் நம்பாதபோதும் அவள் விடாமல் சொன்னாளே, அதுதான். நாமோ "பெரியாக்கள் கதைக்கேக்க வாய் திறக்காத" என்று சொல்லியே வளர்க்கிறோம்.

முடிவெடுத்தல், எடுத்துச் சொல்லுதல், பயத்தைக் கையாளுதல் எல்லாம் உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் திறன் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் அவை சின்னக் காரியங்களாக வரட்டும். அம்மாவின் வெளிநாட்டு நம்பரும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117உம் மனப்பாடமாக வேண்டும். அம்மம்மாவால் ஓட முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஒழுங்கை முதலில் மூழ்கும் என்று பிள்ளையே அயலில் விசாரித்து வரட்டும். அப்புறம், கடல் உள்வாங்கினால் ஓடு என்று மட்டும் சொல்லாதீர்கள். உள்வாங்காமலும் அலை ஏறலாம்.

இடம்பெயர்ந்து கோயிலிலோ பாடசாலையிலோ தங்கும்போதுதான் தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு ஆபத்து அதிகம். தெரியாதவர் "அம்மாட்டக் கூட்டிப்போறன்" என்று கையைப் பிடித்தால் கத்தலாம், கத்த வேண்டும். இதைக் கூச்சம் போகும்வரை வகுப்பில் நடித்துப் பார்க்கச் செய்யுங்கள். சிறுவர்களுக்கான 1929 என்ற இலக்கமும் தெரிந்திருக்கட்டும்.

வெள்ளத்தைக் கண்ட பிள்ளையிடம் அதைச் சொல், படம் கீறு என்று வற்புறுத்த வேண்டாம். தானாகச் சொல்லும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

சரி, வீட்டுக்காரரை என்ன செய்வது? அம்மம்மாமாரை ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகளே நடித்துக் காட்டட்டும். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் செய்துவிடுங்கள். பெரும்பாலும் புலமைப்பரிசிலும் அதற்குள் முடிந்துவிடும்.