ஜனவரியில் எந்த ஆமை வரும்? பணம் கட்டும் முன் அதைக் கேளுங்கள்

கேள்வி: விலங்கியலில் பட்டம் முடித்திருக்கிறேன். கோஸ்டாரிகாவின் கரீபியன் கரையில் நான்கு வாரம் கடலாமைப் பாதுகாப்புப் பணிக்குத் தன்னார்வலராக அனுப்புவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது. ஜனவரியில் போனால் பேராமைகள் முட்டையிடுவதைப் பார்க்கலாமாம், குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கடலில் விடலாமாம், சுற்றுலா விசாவே போதுமாம். வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணமும் கட்ட வேண்டும், கட்டியது திரும்ப வராது என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்களிடம் அவர்கள் சொன்னதிலேயே காரணம் இருக்கிறது.

பச்சை ஆமை என்றும் சொல்கிற பேராமை, கோஸ்டாரிகாவின் கரீபியன் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை. லெதர்பேக் என்கிற ஏழுவரி ஆமை அங்கே மார்ச் வாக்கில் வரத் தொடங்கி ஜூலையோடு முடித்துவிடும். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரியில் அந்தக் கரையில் உங்களுக்குக் காட்ட என்ன இருக்கும்? அந்த மாதத்தில் ஆமை வேண்டுமென்றால் நாட்டின் மறுபக்கம், பசிபிக் கரைக்குப் போக வேண்டும். இதைச் சொன்னவருக்கு ஒன்று ஆமையைப் பற்றித் தெரியவில்லை, அல்லது தெரிந்தே ஆள் பிடிக்கிறார். இரண்டில் எதுவானாலும் அவர் கையில் பணம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது, குஞ்சுகளைக் கையில் எடுப்பது. இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. முட்டையை விட்டு வெளியே வரும் குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதன் கட்டுச்சோறு. அதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு முழு நாள் விடாமல் நீந்தி, கரையோர மீன்களும் பறவைகளும் எட்டாத ஆழ்கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் இரவோடு இரவாக மணலிலிருந்து கிளம்புகிறது. ஒரு கடற்கரையில், காலையில் வரப்போகும் விருந்தினர்களுக்காக முந்தின இரவே குஞ்சுகளை வாளியில் அடைத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். விடியும் வரை வாளிச் சுவரில் முட்டி முட்டி நீந்திக்கொண்டிருந்தன. படம் எடுத்து முடித்துக் கடலில் விட்டபோது பாதிக்கு மேல் அலையை எதிர்க்கக்கூடத் தெம்பில்லை. அந்தப் படங்களுக்குக் கீழே ‘பாதுகாப்பு’ என்றுதான் எழுதியிருப்பார்கள். எங்கே ‘கையில் எடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்கிறார்களோ அந்த இடமே வேண்டாம்.

உண்மையான வேலை வேறு மாதிரி இருக்கும். கறுப்பு உடை, சிவப்பு விளக்கு, இரவில் நான்கைந்து மணி நேரம் ஈரமணலில் நடை. ஆமை முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் கிட்டே போய், எண்ணிக் குறித்துக்கொள்வது. பல இரவுகள் ஒன்றுமே வராது. அந்தக் கரீபியன் கரையிலேயே பேராமைகளுக்குப் பேர்போன டோர்டுகேரோவில், இரவில் ஆமை பார்க்க வருபவர்களுக்குக் கேமராவே கூடாது. 1950களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க ஆமை ஆய்வாளர் அங்கே தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது என்றால், இப்படி அலுப்பில்லாமல் நடந்து எண்ணியவர்களால்தான்.

சரி, பணம் கேட்டாலே மோசடியா? இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல இடங்களையும் ஒதுக்கிவிடுகிறார்கள். டோர்டுகேரோவுக்குச் சாலை கிடையாது. படகில் போகலாம், அல்லது சின்ன விமானத்தில். அரிசி முதல் எரிவாயு வரை எல்லாம் தண்ணீர் வழியாக வந்து சேர வேண்டும். அப்படிப்பட்ட நிலையத்தில் உங்களுக்குச் சோறு போட்டுப் படுக்கவும் இடம் கொடுப்பவர் வாரத்துக்கு இவ்வளவு என்று கேட்டால் அது நியாயம். நான்கு வாரம் வருபவருக்கு வேலை கற்றுக்கொடுப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். முழுப் பருவமும் தங்கும் ஆய்வு உதவியாளர்களுக்குச் சில நிலையங்கள் உணவும் இடமும் இலவசமாகவே தருகின்றன, ஏனென்றால் அவர்களால் நிலையத்துக்கு உண்மையில் பலன் உண்டு. ஆகவே, பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். நிலையத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு நேராகப் போகிறதா? உணவுக்கு, தங்க, பயிற்சிக்கு என்று பிரித்துக் காட்டுகிறார்களா? அல்லது ஏஜென்சிக்குப் போய், அங்கிருந்து எவ்வளவு கடற்கரைக்குச் சேர்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்களா? படிப்பை முடித்த பிள்ளைகள் அனுபவம் தேடிக் காசு கொடுத்து உழைக்க வேண்டியிருக்கும் இந்த நிலைமையே தவறு. அதில் நடுவில் ஒருவர் கமிஷன் வேறு எடுப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

விசா விஷயத்தில் ஏஜென்சியின் வாய்வார்த்தையை நம்பவே வேண்டாம். சம்பளம் வாங்காவிட்டாலும் தன்னார்வப் பணியை வேலையாகக் கருதும் நாடுகள் உண்டு. பிரிட்டனில் பார்வையாளராகப் போகிறவர், பதிவு பெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரைதான் அப்படிச் செய்யலாம். நாட்டுக்கு நாடு இப்படி ஒவ்வொரு விதி. நீங்கள் போகும் நாட்டின் தூதரகத்துக்கே எழுதுங்கள். ‘தன்னார்வப் பணி’ என்ற சொல்லை மறைக்காதீர்கள், எத்தனை வாரம், உணவும் இடமும் யார் தருகிறார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். பதில் சுலபத்தில் வராது. ஆமைக்காக உழைக்க வருபவருக்கு ஒரு பக்கப் படிவம் வைத்தால் முடிகிற காரியத்துக்கு மாதக்கணக்கில் காக்க வைக்கிறார்கள். மறுபடியும் எழுதுங்கள். ‘விமான நிலையத்தில் கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்’ என்று சொல்லிக்கொடுக்கிற ஏஜென்சியாக இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். திருப்பி அனுப்பப்பட்டால் கறை படிவது உங்கள் பாஸ்போர்ட்டில்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 2013 மே 31 அன்று, அதே கரீபியன் கரையில் மொயின் கடற்கரையில் இரவு ரோந்துக்குப் போன ஆமைப் பாதுகாவலர் ஹைரோ மோரா கொல்லப்பட்டார். வயது 26. கூட இருந்த நான்கு வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் கடத்தப்பட்டு, பிறகு தப்பினார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முட்டைத் திருட்டுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. அதனால் ரோந்தில் எத்தனை பேர், உள்ளூர்க்காரர் யார், தகவல் தொடர்புக்கு என்ன வழி, ஆபத்து என்றால் ரோந்தை நிறுத்துவது யார் முடிவு என்று கேட்டே ஆக வேண்டும். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது இரவு களப்பணியும் அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. ஏஜென்சிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: கடற்கரையின் பெயர் என்ன, ஆய்வுக்குப் பொறுப்பான விஞ்ஞானி யார், நாட்டின் பாதுகாப்புப் பகுதிகளை நிர்வகிக்கும் சினாக் அமைப்பு கொடுத்த அனுமதியின் நகல் கிடைக்குமா, சேகரிக்கும் தரவு எங்கே போகிறது. பதில் வந்தால், ஏஜென்சியை விட்டுவிட்டு அந்த விஞ்ஞானிக்கே எழுதுங்கள். விலங்கியல் படித்தவர் என்று தெரிந்தால் பெரும்பாலும் மதித்துப் பதில் போடுவார்கள். ஆகஸ்டில் வர முடியும், எட்டு வாரம் தங்க முடியும் என்று சொல்லிப் பாருங்கள். ஜனவரிக்குக் கேட்டதைவிட நல்ல பதில் வரும்.