வாசகர் கேள்விகள்: புதுச்சேரியின் பழைய சுவர்கள்

கேள்வி: புதுச்சேரி கடற்கரைப் பக்கம் இருக்கும் மஞ்சள் சுவர் வீடுகள் எல்லாம் 350 வருடப் பழசு என்று சுற்றிக்காட்டியவர் சொன்னார். உண்மையா?
– வாசகர், கடலூர்

இல்லை. 1674ல் பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றியது உண்மைதான், ஆனால் அன்றைக்கு அவர்கள் கட்டிய ஊர் இப்போது இல்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டுப் பிடித்த கையோடு கோட்டை, கவர்னர் மாளிகை, வீடுகள் என்று வெள்ளைக்காரர் பகுதியைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பாரீஸ் உடன்படிக்கைப்படி 1765ல் ஊர் திரும்பக் கைக்கு வந்த பிறகுதான் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள், ஆகவே நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் எழுந்தவை. பழைய கலங்கரை விளக்கம் 1836, போர் நினைவுச் சின்னம் 1938.

அதைவிடப் பழசு ஒன்று இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை: தெருக்கள். நூல் பிடித்த மாதிரி நேராக, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொண்டு போகிற அந்த அமைப்பு, 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட வரைபடத்திலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படியே தொடர்ந்தார்கள். பழைய வீடு பார்க்க வேண்டும் என்றால் வெள்ளைக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வாருங்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கேதான் இருக்கிறது, 1738ல் கட்டியது என்கிறார்கள். கீழ்த்தளம் மரத்தூண், முற்றம் என்று நம்மூர் முறை. மாடியில் ஏறினால் செங்கல் தூணும் சுண்ணாம்புப் பூச்சுமாகப் பிரெஞ்சு முறை. இரண்டு உலகத்துக்கும் நடுவில் வாழ்ந்த மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான வீடு இருக்க முடியாது.

கேள்வி: எங்கள் தாத்தா வீடு தமிழர் பகுதியில் இருக்கிறது. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் உண்டு. சுவர் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்து உதிர்கிறது. சிமெண்ட் வைத்துப் பூசினோம், இரண்டு மழைக்குள் அதைவிட மோசமாகிவிட்டது. இடித்துவிட்டுக் கட்டுவதுதான் வழி என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, முத்தியால்பேட்டை

தயவு செய்து அவசரப்பட்டு இடிக்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வீட்டில் கோளாறு குறைவு, பூச்சில்தான் கோளாறு.

உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அந்தக் காலச் சுவருக்குக் கீழே ஈரத்தைத் தடுக்கிற அடுக்கு எதுவும் கிடையாது, தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும், அதனால் கட்டியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டுப்போகிறது. வெளியேற முடியாத ஈரம் சிமெண்ட் நிற்கும் இடத்துக்கும் மேலே ஏறுகிறது, கடற்காற்று ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை, அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துக்கொண்டு பூச்சோடு விழுகிறது. ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் செந்தூளும் வெள்ளைப் பொடியும் ஒட்டியிருக்கும். அதுதான் உங்கள் சுவர், கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முற்றத்து வடிகால் அடைத்திருக்கிறதா, தெரு மட்டம் உயர்ந்து மழைநீர் சுவரோரம் நிற்கிறதா, மாடிக் குழாய் சுவர் மேலேயே ஊற்றுகிறதா. அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் வீண். அப்புறம் சிமெண்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையில் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு அடித்தால் போதும்.

மாடித் தளத்தையும் பாருங்கள். உங்கள் வீட்டில் மெட்ராஸ் டெரஸ் இருக்க வாய்ப்பு அதிகம். மரச்சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து நாள் கணக்கில் அடித்து இறுக்கிய தளம். ஒழுகுகிறது என்று அதன் மேல் சிமெண்ட் போட்டால் பாரம்தான் கூடும், சட்டத்தின் முனை சுவருக்குள் இருக்கும் இடத்தில் மக்குவது நிற்காது. சட்டம் மக்கியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியும், முழுத் தளத்தையும் இடிக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் கிளை புதுச்சேரியில் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள். ஆள் கிடைக்க ஆறு மாதம் ஆனாலும் காத்திருங்கள். திண்ணையும், தெருவில் நடக்கிறவனுக்கு நிழல் தருகிற தாழ்வாரமும் ஒருமுறை போனால் போனதுதான், எத்தனையோ தெருக்களில் பார்த்துவிட்டோம், மனசு வலிக்கிறது.

கேள்வி: அடிமைப்படுத்தியவன் கட்டியதை நாம் எதற்குக் காப்பாற்ற வேண்டும்?
– வாசகர், விழுப்புரம்

கோபம் நியாயமானது. 1748ல் துய்ப்ளே ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள், அதை ஆனந்தரங்கப் பிள்ளையே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் இதே கரையிலிருந்துதான் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று பிரெஞ்சுக்காரர்களின் தீவுகளுக்குக் கப்பல் ஏற்றினார்கள். துய்ப்ளே சிலை கடற்கரைச் சாலையில் இன்னும் நிற்கிறது. நிற்கட்டும். ஆனால் பக்கத்தில் இந்தக் கதை முழுசாகத் தமிழில் எழுதி வைத்த ஒரு பலகை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அரைத்ததும் கல் அடுக்கியதும் நம் கைகள். அவற்றை இடித்தால் அந்தக் கைகளின் வேலையும் சேர்ந்துதான் போகும்.

கேள்வி: இடிந்து விழுந்த மேரி கட்டடத்தைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அதைப் பாரம்பரியக் கட்டடம் என்று சொல்லலாமா?
– வாசகி, திண்டிவனம்

மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம். 19ஆம் நூற்றாண்டில் நகராட்சிக்காகக் கட்டிய மண்டபம், 2014 நவம்பரில் மழையில் நனைந்து சரிந்தது. அதே முகத்தோடு திரும்ப எழுப்பி 2021ல் திறந்தார்கள். கடற்கரைச் சாலையில் அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி கிடக்காமல் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் பழைய கட்டடம் வேறு, அதன் நகல் வேறு. விழுவதற்கு முன் பல வருடம் அது பழுதாகிக் கிடந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. அப்போதே பழுது பார்த்திருந்தால் செலவும் குறைந்திருக்கும், மூலமும் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகர், சேலம்

காலையில் தமிழர் பகுதி. வைசியாள் வீதியில் தொடங்குங்கள், அங்கே வீட்டு முகப்புகளைச் சீரமைத்த வேலைக்கு 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அங்கீகாரம் கிடைத்தது. வெயில் ஏறியதும் வாய்க்காலைத் தாண்டி, பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்கு வாருங்கள், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஊருக்கு முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் வந்ததன் நினைவாகக் கட்டியது. ரோமன் ரோலண்ட் வீதி, துய்மா வீதி எல்லாம் நடந்தே பார்க்கலாம். கடற்கரைச் சாலையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரம் வண்டிகளை விடமாட்டார்கள். ஒரு விஷயம் மட்டும்: வாசல் திறந்திருக்கிறது என்று உள்ளே நுழைந்து படம் எடுக்காதீர்கள். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. கேட்டுப் பாருங்கள், பலர் அவர்களே கூப்பிட்டு முற்றத்தைக் காட்டுவார்கள்.