குழந்தைத் தொப்பி: ஊசி நெம்பரும் கண்ணிக் கணக்கும்

அன்புள்ள அக்கா,

பெங்களூரில் இருக்கும் என் தங்கைக்கு செப்டம்பர் கடைசியில் பிரசவம். குழந்தைக்கு என் கையால் ஒரு தொப்பி பின்னிக் கொடுக்க ஆசை. ஒரு அமெரிக்க வீடியோவைப் பார்த்து, அதில் சொன்ன மாதிரியே 8-ம் நெம்பர் ஊசி வாங்கி, 8 ப்ளை என்ற நடுத்தரத் தடிமன் நூலில் 72 கண்ணி (ஊசியில் ஏற்றும் வளையம்) போட்டேன். 40 செ.மீ. சுற்றளவு வரும் என்றார்கள். எனக்கு 33-தான் வந்தது, விளிம்பும் கயிறு கட்டியதுபோல் இறுக்கம். எங்கே தவறு? கம்பளி நல்லதா, காட்டனா? உச்சியில் குஞ்சம் வைக்கலாமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கையில் தவறில்லை, ஊசி நெம்பரில்தான் வேறுபாடு. நம் கடைகளில் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் நெம்பர். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க நெம்பர் இதற்கு நேர் எதிர். அங்கே 8 என்பது 5 மி.மீ. அந்தத் தடிமனில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி வந்தால் 72 கண்ணி 40 செ.மீ. ஆகும். உங்கள் 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, அதனால் 33-க்குக் கொஞ்சம் குறைவு. இனி எந்த வீடியோ பார்த்தாலும் நெம்பரை விட்டுவிட்டு மி.மீ. அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொப்பிக்கு முன்னால் ஒரு மாதிரித் துண்டு பின்னியே ஆக வேண்டும். 30 கண்ணி போட்டு 12 செ.மீ. உயரம் பின்னி, அலசிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரத்தில் அளக்கக் கூடாது, அங்கே கண்ணி சுருண்டு ஏமாற்றும். அலசாமல் அளந்தாலும் பயனில்லை, காட்டன் முதல் சலவையில் சுருங்கும். 22 வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் 80 கண்ணித் தொப்பி 36 செ.மீ.க்குப் பதில் 40 செ.மீ. ஆகிவிடும். அப்போது மெல்லிய ஊசிக்கு மாறுங்கள்.

அளவைப் பிறந்த குழந்தைக்கு எடுக்காதீர்கள். பிறந்தபோது தலைச் சுற்றளவு 34 செ.மீ.யை ஒட்டி இருக்கும், மூன்றாம் மாதத்தில் 40-ஐத் தொட்டுவிடும். நம் பல வீடுகளில் முதல் நாட்களில் பழைய வேட்டித் துணிதான் சுற்றுவார்கள், புதுசு போடுவதற்குள் சின்னத் தொப்பி பத்தாமல் போகும். செப்டம்பர் கடைசியில் பிறக்கும் குழந்தைக்கு டிசம்பர் கடைசியில் மூன்று மாதம், பெங்களூரில் குளிரும் அப்போதுதான். எனவே மூன்று முதல் ஆறு மாத அளவே சரி. பின்னல் இழுபடும் என்பதால் தொப்பி தலையைவிடக் கொஞ்சம் குறைவாக, 36 செ.மீ. இருந்தால் போதும். இதே குழந்தை டிசம்பரில் பிறப்பதாக இருந்தால் அந்த அளவு மார்ச் வெயிலில்தான் பொருந்தும், அதற்குத் தொப்பியே வேண்டாம் என்பேன்.

பெங்களூர்க் குளிருக்கு 8 ப்ளை காட்டன் போதும், 50 கிராம் உருண்டை ஒன்றில் முடிந்து மிஞ்சும். அக்ரிலிக் விலை குறைவு, துவைக்கவும் சுலபம், ஆனால் வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் நெகிழ்ந்து தொய்ந்துவிடும். சாதாரணக் கம்பளி வெந்நீரில் துவைத்தால் சுருங்கிக் கெட்டிப்படும், சில குழந்தைகளுக்கு அரிக்கவும் செய்யும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் மெஷினில் துவைக்கக்கூடிய மெரினோ (மென்மையான செம்மறிக் கம்பளி) நூலுக்குச் செலவழிக்கலாம். மோஹேர் (அங்கோரா ஆட்டு மயிர்) போல மயிர் உதிரும் நூல் வேண்டவே வேண்டாம், எல்லாம் குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

இப்போது பின்னல். 8-ம் நெம்பர் ஊசியில் 82 கண்ணி ஏற்றி, உடனே 10-ம் நெம்பருக்கு மாறி 3 செ.மீ. ரிப் பின்னுங்கள். விளிம்பு இறுகுவதற்குக் காரணம் முதல் வரிசைதான். அதைப் பெரிய ஊசியில் ஏற்றினால் நெற்றியில் தடம் பதியாது. ரிப் என்பது 2 நிட் (நேர்க் கண்ணி), 2 பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்று மாறி மாறி வரும், இழுபடும் பட்டை. நல்ல பக்கம் இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு நிட்டில் முடியும், திரும்பும்போது இரண்டு பர்லில் தொடங்க வேண்டும். இதை மாற்றித் தொடங்கினால் ரிப் கலைந்துவிடும். பிறகு 8-ம் நெம்பருக்கு வந்து, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று ஆரம்பத்திலிருந்து 11 செ.மீ. வரை.

உச்சிக்குக் குறைக்கும்போது முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் மூட்டுத் தையலுக்கு விட்டுவிடுங்கள். நடுவில் உள்ள 80-ல் ஆறு நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படிப் பத்து தடவை போட்டால் 72 மிஞ்சும். திரும்பும் வரிசை முழுக்க பர்ல். அடுத்த நிட் வரிசையில் ஐந்து நிட், இரண்டு சேர்த்து ஒன்று: 62. ஒவ்வொரு நிட் வரிசையிலும் இடையில் உள்ள நிட் ஒன்று குறையும், கண்ணிகள் 52, 42, 32, 22, கடைசியில் 12. ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள், ஒரு கண்ணி தவறினாலும் உச்சி கோணிக்கொள்ளும். நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, 12 கண்ணிக்குள்ளும் இரண்டு முறை கோத்து இழுத்து, அதே நூலால் பக்கத்தைத் தட்டையாக மூட்டுங்கள். கெட்டித் தையல் போட்டால் மேடு விழுந்து தலையில் உறுத்தும்.

குஞ்சம் வேண்டாம். பொத்தான், மணி, ரிப்பனும் வேண்டாம். பிய்ந்து வந்தால் நேரே தொண்டைக்குப் போகும். நூல் முனைகளை 5, 6 செ.மீ. உள்ளே கோத்து, திசை மாற்றி ஒருமுறை திருப்பிக் கோத்த பின்பே வெட்டுங்கள். மிச்ச நூலில் கால் உறை பின்னுவதானால் இதில் இன்னும் கவனம் தேவை. உள்ளே தொங்கும் ஒற்றை இழை குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்றுகூடத் தெரியாது. ஓட்டை டிசைனும், உள்பக்கம் இழை ஓடும் இரண்டு வண்ண டிசைனும் கை, கால் உறைகளுக்கு ஆகாது. தங்கையிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். உடல் சூடு ஏறிவிடும், நழுவி மூக்கையும் மூடலாம்.

கொடுப்பதற்கு முன் மென்மையான சோப்பில் அலசி, தொங்கவிடாமல் துண்டின் மேல் பரப்பி நிழலில் காயவையுங்கள். ஈரக் காட்டனைக் கொடியில் போட்டால் நீண்டுவிடும். உருண்டையில் சுற்றியிருந்த லேபிளையும் இரண்டு மீட்டர் நூலையும் கூடவே வையுங்கள். துவைக்கும் முறை அதில் இருக்கும், எங்காவது இழை அறுந்தால் அதே நூலில் சரிசெய்துகொள்ளலாம்.