கஞ்சிராவில் தண்ணீர் எவ்வளவு தடவுவது?

"புதிதாக வாங்கிய ஆட்டுத்தோல் கஞ்சிராவில் தகரம் தட்டினாற்போல் சத்தம் வருகிறது. தண்ணீர் தடவினால் தொய்ந்துவிடுகிறது. உடும்புத்தோல் வாங்கினால் சரியாகுமா?" என்று கஞ்சிரா (ஒரு கையில் பிடித்து மறுகையால் தட்டும் சிறிய தோல் வாத்தியம்) வாசிக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்.

உடும்பை மறந்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் அது. அதன் தோலை வாங்குவதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த காலம் வேறு. அந்தத் தோலுக்கு இருந்த மவுசுக்குக் காரணம், அது மெல்லியது, ஈரத்தில் சட்டென இளகும், ஆனாலும் தொய்ந்து தொங்காது. ஆட்டுத்தோல் அதைவிடத் தடிமன். தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். உங்கள் சிக்கல் அங்கேதான்.

காய்ந்த கஞ்சிரா கீச்சென்றுதான் பேசும். அது வாத்தியத்தின் குறையல்ல. வாசிக்க உட்காருவதற்குக் கால் மணி நேரம் முன்பு இரண்டு விரல்களைத் தண்ணீரில் நனைத்து, தோலின் உட்புறத்தில், நடுவில் மட்டும் வட்டமாகத் தடவுங்கள். வெளிப்பக்கம் வேண்டாம். பலாமரச் சட்டத்தை ஒட்டிய ஓரமும் வேண்டாம். அங்கே ஈரம் இறங்கினால் பசை விட்டு, தோல் விளிம்பில் கிளம்பிவிடும். ஐந்து நிமிடம் சும்மா வையுங்கள். தட்டிப் பாருங்கள். 'கும்' என்ற நாதம் வரவில்லையென்றால் இன்னொரு தடவல், மறுபடி ஐந்து நிமிடம். பலரும் இந்தக் காத்திருப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள்: உடனே சுருதி இறங்கவில்லையே என்று மேலும் மேலும் தடவ, பத்து நிமிடம் கழித்து அத்தனையும் ஊறி, அடித்தால் 'பொத்'தென்று விழுகிறது. அப்படி ஆகிவிட்டால் உட்புறத்தைத் துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் காட்டினால் போதும். நெருப்பில் காட்டினால் தோல் சுருங்கி வெடிக்கும்.

குளிரூட்டிய அரங்கில் ஈரம் சீக்கிரம் காய்ந்து சுருதி ஏறும். தனி ஆவர்த்தனத்துக்கு (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) முந்தைய உருப்படியிலேயே ஒரு தடவல் கொடுத்துவிடுங்கள். தனி தொடங்கியபின் கையை நனைத்தால் காலம் கடந்துவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீரே தேவைப்படாமலும் போகலாம்.

கும்கிக்கு, அதாவது சுருதி வளைந்து குழைந்து வரும் அந்த நாதத்துக்கு, இடதுகை விரல் நுனி விளிம்பருகே தோலை அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் நாதம் செத்துவிடும். தண்ணீர் சரியாக இருந்தும் கும்கி வராதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்த வம்பே வேண்டாமென்றால் செயற்கைத் தோல் கஞ்சிராவும் கிடைக்கிறது. வெயில், மழை எதுவும் அதை அசைக்காது. ஆனால் கும்கியின் குழைவு ஆட்டுத்தோல் அளவுக்கு வராது என்பதே எங்கள் கருத்து. வெளியூர்ப் பயணத்துக்கு அது, கச்சேரிக்கு ஆட்டுத்தோல் என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.