எஸ்டெஸ் பார்க்கில் ஒரு நாள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தேனிப் பக்கம். வங்கியில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இப்போது டாலஸில் மகள் வீட்டில் இருக்கிறோம். ஜூலையில் எங்களைக் கொலராடோவில் இருக்கும் ராக்கி மலை தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறாள். டென்வரில் விமானம் இறங்கி, எஸ்டெஸ் பார்க் என்ற ஊரில் மூன்று இரவு தங்கல். அதில் முதல் நாள் முழுக்க எந்தத் திட்டமும் இல்லை. கேட்டால் "ரெஸ்ட் டே அப்பா" என்கிறாள். பூங்கா வாசலில் இருந்துகொண்டு அறையில் சும்மா உட்கார்ந்திருக்க இவ்வளவு வாடகையா? எல்.எஃப்.சி.யில் (வங்கி தரும் பயணச் சலுகை) ஒரே வாரத்தில் டெல்லி, ஆக்ரா, ஹரித்வார், ரிஷிகேஷ் பார்த்தவர்கள் நாங்கள். நடக்கத் தெம்பு இருக்கிறது. நீங்கள் அங்கே இரண்டு முறை போனதாக எழுதியிருந்தீர்கள். அந்த நாளை ரத்து செய்யச் சொல்லலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரத்து செய்யாதீர்கள். உங்கள் மகள் விஷயம் தெரிந்துதான் திட்டம் போட்டிருக்கிறார்.

முதலில் உயரக் கணக்கைப் பாருங்கள். டாலஸ் சில நூறு அடி உயரத்தில் இருக்கிற ஊர். டென்வர் 5,280 அடி. எஸ்டெஸ் பார்க் 7,522 அடி, ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். அங்கிருந்து பூங்காவுக்குள் ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலையின் உச்சி 12,183 அடி. நம் தொட்டபெட்டா 8,650 அடிதான். தமிழ்நாட்டில் அதைவிட உயரமான இடம் கிடையாது. அதற்கு மேலே இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு அடி போகப்போகிறீர்கள், அதுவும் காரில் உட்கார்ந்தபடி ஒரு மணி நேரத்துக்குள். ஹரித்வார் பயணத்தோடு இதை ஒப்பிட முடியாது.

முதல் முறை நாங்கள் இந்தத் தப்பைத்தான் செய்தோம். இரவு டென்வரில் தூங்கிவிட்டு, காலையில் நேராக உச்சிக்கு. மேலே பார்வையாளர் மையத்தில் வண்டியை நிறுத்தும்போதே என் மனைவிக்குத் தலை பிளந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். சுற்றிலும் பனி ஒட்டிய சிகரங்கள், அவளோ கண்ணை மூடிக்கொண்டு காரின் முன்சீட்டில் சாய்ந்திருந்தாள். உடனே இறங்கினோம். கீழே வந்து சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த நாள் போனது போனதுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது.

எஸ்டெஸ் பார்க் அறைக்குப் போனதும் பையில் இருக்கும் முறுக்குப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். தலையணை மாதிரி உப்பியிருக்கும். பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று அதேதான், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது. அதே காற்றைத்தான் நீங்களும் சுவாசிக்கிறீர்கள். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. உடம்பு இதைச் சமாளிக்கும். மூச்சை ஆழமாக்கும், நாடியைக் கூட்டும், சிறுநீரகம் ரத்தத்தின் அமில-காரச் சமநிலையை மாற்றும். எல்லாம் நடக்கும், ஆனால் நேரம் கேட்கும். ஒரு நாளில் முழுதாகப் பழகிவிடாது. என்றாலும் ஊட்டி உயரத்தில் இரண்டு இரவு தூங்கிவிட்டு ஏறுவதும், சமவெளியிலிருந்து நேராக ஏறுவதும் ஒன்றல்ல. தெம்பு இதில் கணக்கே இல்லை. மாரத்தான் ஓடும் இளைஞனுக்கும் இந்தத் தலைவலி வரும்.

சமையலறை உள்ள அறை என்றால் இன்னொன்றும் கவனிப்பீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. என் மனைவி முக்கால் மணி நேரம் கிண்டிவிட்டு விட்டுவிட்டாள். அடுத்த முறை சின்ன குக்கர் ஒன்று பெட்டியில் வந்தது.

பிரஷர், சர்க்கரை, இதயம், நுரையீரல் சம்பந்தமாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அங்கே காற்று வறண்டது, தாகம் எடுக்காமலேயே உடம்பில் நீர் குறையும். தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும்.

அப்புறம், அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஊரின் நடுவே எஸ்டெஸ் ஏரி இருக்கிறது. சுற்றிவர ஏறக்குறைய நாலு மைல், மேடு அதிகமில்லாத பாதை. முழுதும் சுற்ற வேண்டாம், ஒரு மைல் போய் பெஞ்சில் உட்காருங்கள். தேனிக்காரர் நீங்கள், அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் வரக்கூடாது. ஏனென்றால் அதில் மலைக்கு மேற்கே பெய்த தண்ணீரும் இருக்கிறது. கிழக்குச் சமவெளியில் விவசாயத்துக்குத் தண்ணீர் போதாததால், நீங்கள் மறுநாள் ஏறப்போகும் அதே மலைத்தொடரின் அடியில் 13 மைல் நீளச் சுரங்கம் தோண்டி அந்த மேற்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். 1947-இல் முதல் தண்ணீர் வந்தது. மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றை 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து வைகைக்குக் கொண்டுவந்தார்களே, அதே யோசனை. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் விளைவது எதனால் என்று தெரிந்த கண்ணுக்கு அந்த ஏரி வேறு மாதிரி தெரியும். மறுநாள் டிரெயில் ரிட்ஜில் மேற்கு, கிழக்குத் தண்ணீர் பிரியும் எல்லை வரை போனால் மில்னர் கணவாய் வரும். அங்கே ஒரு பக்கம் விழும் மழை பசிபிக் பக்கம் போகிறது, மறுபக்கம் விழுவது அட்லாண்டிக் பக்கம். முந்தின நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவருக்கு, அதைச் சொல்லும் அங்குள்ள பலகை வெறும் பலகையாக இருக்காது.

இரண்டாம் முறை நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்தோம். சாயங்காலம் எதிர்க்கரைப் புல்லில் பெண் எல்க் மான் ஒன்று குட்டியோடு வந்தது. குட்டி பால் குடிக்க முட்டியது, தாய் இரண்டடி தள்ளிப் போய் மேய்ந்தது, குட்டி மறுபடி முட்டியது. என் மனைவி ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எங்கள் மூத்தவன் பால் மறந்த சமயத்தில் நடந்ததை எல்லாம் சொன்னாள். அப்போது நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அந்தக் கதை எனக்குத் தெரியாது. நீங்கள் ஹரித்வாரில் பேச நேரம் இருந்ததா? எங்கள் பயணங்களிலும் இருந்ததில்லை. பெட்டியை எண்ணவும் ரயிலைப் பிடிக்கவுமே நேரம் போனது. வாடகை தண்டம் என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு அந்தப் பயணத்தில் மிச்சமானது அந்தச் சாயங்காலம்தான்.

(மான் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் 75 அடி தள்ளியே நில்லுங்கள். பூங்காவின் விதி அது. குட்டியோடு இருக்கும் தாய் பாய்ந்துவிடும்.)

மறுநாள் விடியற்காலையே கிளம்புங்கள். ஜூலையில் மத்தியானம் இடி மின்னல் வரும். மேலே பதினோரு மைல் தூரம் மரமே கிடையாது, மின்னலுக்கு உயரமாகத் தெரிவது நாம்தான். சில ஆண்டுகளாகக் கோடையில் உள்ளே நுழைய நேரம் குறித்த முன்பதிவு கேட்கிறார்கள், மகள் அதைப் பார்த்திருப்பார். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா இரண்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். மேலே மெதுவாக நடங்கள். தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் பூக்களை மிதிக்காமல் பாதையிலேயே போங்கள், அவை அந்தக் குளிரில் ஒரு விரல்கடை வளரவே பல வருஷம் ஆகும். தலைவலியோ குமட்டலோ வந்தால் "இன்னும் கொஞ்ச தூரம்" என்று இழுக்காமல் உடனே இறங்கிவிடுங்கள்.

போய்வந்து எழுதுங்கள். பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர், அந்த ஏரியைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

அன்புடன்.