வீட்டில் இருக்கும் பழைய ரவிவர்மா படம் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் வீட்டில் இருப்பது தாமரை மேல் நிற்கும் லட்சுமி. பின்னால் யானை மாலையோடு நிற்கும். காரைக்குடிப் பக்கம் அப்பத்தா வீட்டைப் பாகம் பிரித்தபோது என்னிடம் வந்தது (வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை). அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அது அச்சுதானா, எந்தக் காலத்து அச்சு என்று பார்த்துவிடுங்கள். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த லென்ஸ் போதும். வரிசை பிசகாத குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரிந்தால் பிற்காலத்து ஆஃப்செட். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் இட்டதுபோல் சிதறியிருந்தால் கல்லச்சு. அந்த முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரே தாள் திரும்பத் திரும்ப அச்சுக்குப் போகும். எங்கள் லட்சுமிக்குத் தாமரை இதழின் ரோஜா நிறம் கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு வெளியே நிற்கிறது. கல் சற்று விலகியிருக்கிறது.

படத்துக்குள் இருக்கும் கையெழுத்தையும் வருஷத்தையும் நம்பாதீர்கள். அது மூல ஓவியத்தோடு சேர்ந்து வந்தது. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் மளவலிக்குப் போனது. 1900-களின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. 1906-ல் ரவிவர்மா இறந்த பிறகும் அச்சு நிற்கவில்லை. அதனால் பார்க்க வேண்டியது கீழ் ஓரத்தில் இருக்கும் அச்சகப் பெயரை. பம்பாய் என்றிருந்தால் முந்தையது, கார்லா லோனாவ்லா (மளவலி இருக்கும் பகுதிதான்) என்றிருந்தால் இடம் மாறிய பிறகு. அச்சகத்தையே கேட்கலாம் என்றால் அது 1972-ல் எரிந்துவிட்டது.

எங்கள் படத்தில் அந்த ஓரத்தைச் சட்டம் போட்டவர் வெட்டிவிட்டிருந்தார். மிஞ்சியது எழுத்துகளின் தலை மட்டும். அதைப் படம் எடுத்துப் பழைய அச்சுகள் சேர்ப்பவர்கள் கூடும் ஒரு குழுவில் போட்டேன். புனேயிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் தன்னிடம் இருந்த முழுத் தாளின் கீழ் ஓரத்தை அனுப்பினார். எங்கள் பாதி எழுத்துகளை அதன் மேல் வைத்துப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தியது: கார்லா லோனாவ்லா.

வீட்டுக் கதை வேறு மாதிரி ஓடியது. பெரியப்பா, "ஐயா ரங்கூன்ல இருந்து கொண்டாந்தது, சட்டத்தைப் பாரு, பர்மா தேக்கு" என்றார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டினேன். "இந்தப் பக்கம் அப்ப எல்லாச் சட்டமும் பர்மா தேக்குதான் தம்பி" என்று சிரித்துவிட்டு, பின்பலகையின் ஆணிகளைப் பக்குவமாகக் கழற்றினார். உள்ளே அடைப்புக்கு மடித்து வைத்த சுதேசமித்திரன் தாள், 1930-களைச் சேர்ந்தது. அச்சான வருஷத்தை அது சொல்லாது. அந்தத் தாள் வந்த பிறகுதான் சட்டம் போட்டார்கள் என்பதை மட்டும் சொல்லும். பத்திரிகை சென்னையில் அச்சானது என்பதற்காகச் சட்டமும் இங்கே போட்டது என்றும் அடித்துச் சொல்ல முடியாது, கப்பலில் போயிருக்கலாம். ஆகவே பெரியப்பா கதை பொய் என்று நிரூபணமாகவில்லை. அவரிடம் சொன்னேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

லட்சுமியின் புடவை மேல் ஜரிகைத் துணியும் சம்கியும் ஒட்டியிருக்கும். அது பெரும்பாலும் அச்சகத்து வேலை இல்லை, வாங்கியவர்கள் வீட்டில் செய்வது. யார் செய்தது என்று அத்தைக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அப்பத்தாவின் மாமியார் தன் கிழிந்த கல்யாணப் புடவையின் முந்தியை வெட்டி ஒட்டினாராம். லென்ஸில் பார்த்தால் ஒரு முனையில் துணியின் மடித்துத் தைத்த விளிம்பு அப்படியே இருக்கிறது. ஆச்சி சொன்னது நிஜமாகத்தான் இருக்க வேண்டும்.

ஜரிகையை எடுத்துவிட்டால் நல்ல விலை போகும் என்று ஒரு வியாபாரி சொன்னார். என்னைக் கேட்டால் எடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம், மேல் வார்னிஷ் பூத்துப்போகும். சட்டத்தைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் பழைய தாளைக் குப்பையில் போடாமல் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.