புள்ளி வியாழன் மேல், ஐபீஸில் வெறும் இருட்டு

கேள்வி: என்னுடையது 900 மி.மீ. குவியத் தூரமுள்ள டெலஸ்கோப். ரெட் டாட் ஃபைண்டரை (சிவப்புப் புள்ளியை இலக்கின் மேல் வைத்து டெலஸ்கோப்பைக் குறிபார்க்க உதவும் சிறு கருவி) பகலிலேயே, 30 மீட்டர் தள்ளி நிற்கும் விளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சரிசெய்துவிட்டேன். ராத்திரி புள்ளியை வியாழன் மேல் வைத்தால் 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) நடுவை விட்டு விலகித் தெரிகிறது, 10 மி.மீ. போட்டால் காணவே காணோம். ஃபைண்டர் பழுதா?

பதில்: பழுதெல்லாம் இல்லை, கம்பம்தான் ரொம்பப் பக்கம். ஃபைண்டர் டெலஸ்கோப் குழாயின் மேல் ஒரு பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டரில் இருக்கும் கம்பத்தை இரண்டுமே நடுவில் காட்ட வேண்டுமென்றால் இரண்டின் பார்வையும் லேசாக ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தாக வேண்டும், அந்தச் சாய்வு கிட்டத்தட்ட 0.29 பாகை. நிலாவின் அகலமே அரைப் பாகைதான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. 25 மி.மீ. ஐபீஸில் உங்களுக்கு 36 மடங்கு உருப்பெருக்கம் (900-ஐ 25-ஆல் வகுத்தால் வருவது), சாதாரண ஐபீஸ் என்றால் சுமார் 1.4 பாகை வானம் தெரியும், அதில் இந்தப் பிழை அடங்கிவிடும். 10 மி.மீ.-ல் 90 மடங்கு, தெரிவது 0.55 பாகைதான். நடுவிலிருந்து விளிம்பு வரை அதில் பாதி, 0.28 கூட முழுசாக இல்லை. வியாழன் விளிம்புக்குச் சற்று வெளியே நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள செல்போன் கோபுரத்தையோ நீர்த்தொட்டியின் உச்சியையோ எடுத்துக்கொண்டால் இதே பிழை 0.01 பாகைக்கும் கீழே போய்விடும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபைண்டரில் வெயிலைத் தடுக்கும் வடிகட்டி எதுவும் கிடையாது, டெலஸ்கோப்பில் சூரியன் ஒரு நொடி நுழைந்தாலும் கண் போய்விடும்.

அப்புறம், வரிசை முக்கியம். முதலில் 25 மி.மீ. ஐபீஸில் கோபுர உச்சியைக் கொண்டுவந்து, 10 மி.மீ. மாற்றி, நட்டநடுவில் வைத்து, டெலஸ்கோப்பின் பூட்டுத் திருகுகளை இறுக்குங்கள். இனி குழாயைத் தொடக் கூடாது. ஃபைண்டரின் இரண்டு திருகுகளை மட்டும், ஒன்று மேலே கீழே, மற்றது இடது வலது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் புள்ளியை அதே உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, புள்ளி வந்து சேரும்வரை குழாயையும் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள், அப்படிச் செய்தால் விடிய விடியச் செய்யலாம். ஐபீஸில் படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரிவதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம், ஃபைண்டரில் எல்லாம் நேராகத்தான் தெரியும். கடைசியில் ஐபீஸில் மறுபடி ஒருமுறை பாருங்கள், திருகும்போது குழாய் அசைந்திருக்கலாம்.

ராத்திரியில் ஒரு நட்சத்திரத்தை வைத்துக் கடைசித் திருத்தம் செய்தால் இன்னும் நல்லது. ஆனால் வானம் நிமிடத்துக்குக் கால் பாகை வரை ஓடிவிடும், 10 மி.மீ. ஐபீஸில் ஒரு நட்சத்திரம் இரண்டு நிமிடம் நின்றாலே பெரிது. துருவ நட்சத்திரம் தெரிகிற இடமென்றால் அதைப் பிடியுங்கள், அது அநேகமாக நகராது.

கேள்வி: புதிதாக வாங்கிய ஃபைண்டரில் புள்ளியே தெரியவில்லை. பேட்டரி செத்துவிட்டதா?

பதில்: பேட்டரிக்கு அடியில் ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதை உருவினீர்களா? அதுதான் முக்கால்வாசிப் பேருக்குப் பிரச்சினை. உருவியும் வரவில்லை என்றால் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கண்ணாடி வானத்தைப் பார்த்து முன்னால் இருக்க வேண்டும், எல்இடி பின்னால், உங்கள் பக்கம். அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பித்தான் கண்ணுக்கு வருகிறது, மாற்றி மாட்டினால் உங்களுக்கு ஒன்றும் வராது. நல்ல வெயிலிலும் புள்ளி மங்கித் தெரியாமல் போகலாம், முழு வெளிச்சத்துக்குத் திருகி, சாயங்காலம் பாருங்கள். ராத்திரி நேர்மாறாக, ஆகக் குறைந்த வெளிச்சத்தில் வையுங்கள், இல்லையென்றால் புள்ளியே நட்சத்திரத்தை விழுங்கிவிடும்.

கேள்வி: தலையை அசைத்தால் புள்ளியும் நகர்கிறது. எந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பது?

பதில்: கண்ணாடிச் சட்டத்துக்குள் புள்ளி நகரட்டும், நட்சத்திரத்தை விட்டு நகர்கிறதா என்பதுதான் கேள்வி. நகராது, அல்லது மிகக் கொஞ்சம் நகரும். புள்ளி வெகுதொலைவில் இருப்பதுபோலத் தெரியும்படிதான் அந்தக் கண்ணாடி வளைக்கப்பட்டிருக்கிறது. கண்ணை ஒட்டிக்கொண்டு பார்க்காமல் ஒரு சாண் தள்ளி நின்று, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பாருங்கள், ஒன்றை மூடினால்தான் கஷ்டம்.

கேள்வி: திருகு கடைசி வரை போய்விட்டது, இன்னும் புள்ளி இலக்குக்குக் கீழேயே நிற்கிறது.

பதில்: அதற்கு மேல் பலமாகத் திருகாதீர்கள், பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிடும். இரண்டு திருகையும் பாதி வழிக்குக் கொண்டுவந்து, ஃபைண்டரின் அடித்தட்டுக்கு முன்பக்கம் தடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி மறுபடி இறுக்குங்கள், முன்பக்கம் உயர்ந்தால் புள்ளியும் மேலே போகும். புள்ளி மேலே நின்றால் அட்டை பின்பக்கம் போகும். அதற்கு முன், அடித்தட்டு காடியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள், பாதி நேரம் அதுவே போதும்.